நேரடியாக விதைத்த நெல்லின் முதல் நாற்பது நாளைப் பற்றி ரகக் குறிப்பில் ஏன் ஒரு வரிகூட இல்லை?

நெல் ரகங்களை உருவாக்கிச் சோதித்து வெளியிடும் அறிவியலாளர்களுக்கும், எதை விதைக்கலாம் என்று எங்களுக்குப் பரிந்துரைக்கும் வேளாண் அதிகாரிகளுக்கும்,

சென்ற மாதம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நேரடி நெல் விதைப்புப் பயிற்சி நடந்தது. நாற்றங்கால் வேண்டாம், நடவுக்கூலி வேண்டாம், தண்ணீர் மிச்சம், அறுவடையும் சில நாள் முந்தும் என்று விளக்கினார்கள். கடைசியில் ஆளுக்கொரு துண்டறிக்கை தந்தார்கள். அதில் ஒன்பது ரகங்கள். ஒவ்வொன்றுக்கும் வயது, பருவம், ஏக்கருக்கு விளைச்சல், அரிசி சன்னமா மோட்டாவா, எந்தப் பூச்சியையும் நோயையும் தாங்கும் என்ற விவரங்கள். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இந்த ஒன்பதில், விதைத்த முப்பதாம் நாளுக்குள் வயலை இலையால் நன்றாக மூடிக்கொள்ளும் ரகம் எது?" மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படி ஒரு விவரம் ரகக் குறிப்பில் வராதம்மா. களைக்கொல்லி அடித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் ஒன்பது மா, அதாவது ஏறத்தாழ மூன்று ஏக்கர், நிலத்தில் நெல் செய்கிறேன். தாவரவியலில் இளங்கலை படித்தவள். படித்ததைவிட வயலில் கற்றதுதான் அதிகம். எங்களைப் போன்றவர்கள் நேரடி விதைப்புக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படவில்லை. 2023இல் குறித்த நாளில் திறந்தது. அக்டோபர் 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தது. திறந்த தண்ணீர் தலைமடையைத் தாண்டி எங்கள் மதகுக்கு வந்து சேர்வதற்குள் நாற்றுக்கு வயது போய்விடும். வந்த ஈரத்தில் விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இல்லை.

2023 சம்பாப் பருவத்தில் அப்படித்தான் மூன்று மாவில் தூவினேன். பரிந்துரைத்த ரகம், சான்று பெற்ற விதை, சொன்ன அளவு. முளைப்பு நன்றாக இருந்தது. பதினைந்தாம் நாள் வரப்பில் நின்று பார்த்தபோது மனம் நிறைந்தது. இருபத்தைந்தாம் நாள் அதே வரப்பில் நின்றபோது வயிறு கலங்கியது. பயிர் ஊசி ஊசியாக நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு தூருக்கும் இடையில் மண் தெரிந்தது. தெரிந்த மண்ணில் எல்லாம் வெயில் விழுந்தது. வெயில் விழுந்த இடத்தில் எல்லாம் குதிரைவாலிப் புல்லும் கோரையும் எழுந்துகொண்டிருந்தன. தண்ணீர் கட்டி அவற்றை அமுக்கலாம் என்றால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லியை அடித்தேன். ஈரம் இல்லாத மண்ணில் அது பாதி வேலைதான் செய்தது. பிறகு ஆள் விட்டு இரண்டு முறை களை எடுத்தேன்.

களை எடுப்பது என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம். அந்த வயதில் நெல்லும் குதிரைவாலியும் அக்காள் தங்கை போல இருக்கும். களை எடுக்க வந்தவர்களில் எழுபதை நெருங்கிய பெரியம்மா ஒருவர் இருந்தார். பார்வை மங்கிவிட்டது. ஒவ்வொரு செடியாகப் பிடித்து, இலை தண்டோடு சேரும் கணுவை விரலால் மெல்லப் பிரித்து, நகத்தால் தடவிப் பார்ப்பார். நெல்லாக இருந்தால் அங்கே வெள்ளையாக மெல்லிய சவ்வு ஒன்று நகத்தில் தட்டும். குதிரைவாலிக்கு அந்தச் சவ்வு கிடையாது, மொட்டையாக இருக்கும். "மொட்டையைப் பிடுங்கு, முளையை விடு" என்று பக்கத்தில் இருந்த இளம்பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். முதுகு நிமிராமல் காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை, மூன்று மா நிலத்தில், ஒவ்வொரு செடியின் கழுத்தையும் தடவிப் பார்க்கும் வேலை அது. அந்தப் பருவத்தில் விளைந்த நெல்லை விற்றுக் களைக்கூலியும் மருந்துக்கடைப் பாக்கியும் கொடுத்த பிறகு என் கையில் நின்றது அடுத்த விதைப்புக்கான செலவு மட்டும்தான்.

இது வானத்தின் குற்றம், வாய்க்காலின் குற்றம் என்று நானும் அப்போது நினைத்தேன். மறு ஆண்டுதான் வேறொன்று புலப்பட்டது.

2024 சம்பாவில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று மாக்களை ஒதுக்கினேன். ஒரே நாளில் உழுது, ஒரே நாளில், மாவுக்குப் பத்துக் கிலோ வீதம் விதைத்தேன். ஒன்றில் முந்தைய ஆண்டு என்னைக் கைவிட்ட ரகம். அடுத்ததில் ஏறத்தாழ அதே வயதும் அதே உயரமும் கொண்ட இன்னொரு உயர்விளைச்சல் ரகம். மூன்றாவதில் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல். வீட்டில் பழைய ஜன்னல் சட்டம் ஒன்று கிடந்தது. அதில் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டி நூறு கட்டங்கள் ஆக்கினேன். பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு மாவிலும் பத்து இடங்களில் அந்தச் சட்டத்தைப் பயிருக்கு மேலே பிடித்து, நேர் மேலிருந்து பார்த்து, எத்தனை கட்டங்களில் நெல் இலை இருக்கிறது, எத்தனையில் மண்ணோ களையோ தெரிகிறது என்று எண்ணினேன். பள்ளிக்கூடப் பையன்கள் இருவர் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

முப்பதாம் நாள் கணக்கு இது. முதல் ரகத்தில் நூற்றுக்குச் சராசரியாக 38 கட்டங்களில்தான் நெல் இலை. இரண்டாவதில் 57. மாப்பிள்ளைச் சம்பாவில் 66. ஒரே மண், ஒரே மழை, ஒரே கை தூவிய விதை. முதல் இரண்டும் உங்கள் துண்டறிக்கையில் அடுத்தடுத்த வரிகளில் இருப்பவை. அந்தத் தாளைப் படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது மாவில் ஒரே ஒரு முறை கையால் களை எடுத்ததோடு வேலை முடிந்தது.

அந்த இரண்டு ரகங்களின் பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒரு பருவத்தில் ஒரு வயலில் எடுத்த கணக்கை வைத்து ஒரு ரகத்தை ஊரறியக் குறை சொல்வது நியாயமில்லை. முறையாக, பல இடங்களில், பல ஆண்டுகள் அளக்க வேண்டியவர்கள் நீங்கள். நீங்கள் அளந்து எங்கள் கையில் தராததால்தான் நான் ஜன்னல் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்க வேண்டியிருந்தது.

நீங்கள் அறியாததை நான் சொல்லவில்லை. விதைக்குள் இருக்கும் சோறு நாற்றுக்கு மூன்றாம் இலை வரைதான் தாங்கும். அதற்குப் பிறகு இலை சம்பாதித்தால்தான் பயிருக்குச் சாப்பாடு. சம்பாதித்ததில் ஒரு பங்கு மறுபடி இலையாகிறது. அந்த இலையும் சம்பாதிக்கிறது. இது கூட்டுவட்டிக் கணக்கு. முதல் இரண்டு வாரத்தில் சற்றே முந்திய ரகம் ஐந்தாவது வாரத்தில் எட்டாத தூரம் போய்விடும். எந்த ரகம் முந்துகிறது என்பது அதன் பிறவிக் குணத்தில் இருக்கிறது. விதையின் பருமன், முளையின் வேகம், இலை நீளும் வேகம், அடுத்த இலை எத்தனை நாளில் வருகிறது, எப்போது தூர் வெடிக்கிறது, தூர் விரிந்து நிற்கிறதா ஒட்டி நிற்கிறதா என்று எத்தனையோ குணங்கள் அதில் சேர்கின்றன. இலையின் கனமும் அதில் ஒன்று. ஒரே கரண்டி மாவை ஊத்தப்பமாகவும் ஊற்றலாம், கல் முழுக்கத் தேய்த்து முறுகலாகவும் எடுக்கலாம். சில ரகங்கள் இளவயதில் தம்மிடம் உள்ள கொஞ்சப் பொருளை மெல்லிய அகன்ற இலையாகத் தேய்த்து விரிக்கின்றன. சில ரகங்கள் தடித்த குறுகிய இலையாக வைத்துக்கொள்கின்றன. ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பதை இலைப்பரப்புக் குறியீடு என்று நீங்கள் எழுதுகிறீர்கள். "பயிர் வயலைக் கட்டிக்கொண்டது" என்று நாங்கள் சொல்கிறோம். பேசுவது ஒரே விஷயத்தைத்தான்.

இந்தக் குணம் எப்படிக் கணக்கில் வராமல் போனது என்பதும் எனக்குப் புரிகிறது. என் அப்பா நெட்டை நெல் காலத்தவர். யூரியா போட்டால் பயிர் கொழுத்துப் போய், கதிர் முற்றும் நேரத்தில் பாய் விரித்தது போலப் படுத்துவிடும் என்று சொல்லுவார். தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லையும் இந்தோனேசியாவின் பேட்டா என்ற நெட்டை நெல்லையும் சேர்த்துப் பிலிப்பைன்ஸில் உருவாக்கிய ஐஆர் 8 ரகம் 1966இல் வந்தது. குட்டையான தண்டு, நிமிர்ந்த இலை, சாயாத பயிர். கீழ் இலை வரைக்கும் வெயில் இறங்கும். உரம் போட்டால் போட்டதற்கு விளையும். பட்டினியை விரட்டிய உருவம் அது. அதன் வழியில் வந்த ரகங்களைத்தான் நானும் இத்தனை காலம் பயிரிட்டு என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதைப் பழித்துப் பேச எனக்கு நா எழாது.

ஆனால் அந்த உருவம் நடவுக்காகத் தீட்டப்பட்டது. நடவில் இருபத்தைந்து நாள் நாற்று, சேறு கலக்கிக் களையெல்லாம் புதைந்த வயலில், தேங்கிய தண்ணீரில் போய் நிற்கிறது. களைக்கு முன்னால் நெல்லுக்கு ஒரு மாதம் முன்னுரிமை கிடைத்துவிடுகிறது. அந்த நிலையில், பயிர் முதல் மாதத்தில் மெதுவாக இலை விரித்தால் என்ன, வேகமாக விரித்தால் என்ன? யாரும் அதைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எழவில்லை. இப்போது நீங்களே நாற்றங்காலையும் நடவையும் விட்டுவிடச் சொல்கிறீர்கள். நெல்லும் களையும் ஒரே நாளில் ஒரே ஈரத்தில் முளைக்கின்றன. நாற்றங்கால் கொடுத்த முன்னுரிமையை இனி அந்தச் செடியேதான் தேடிக்கொள்ள வேண்டும். பயிர் செய்யும் முறையை மாற்றச் சொன்னவர்கள், ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டாமா?

பழைய ரகங்களுக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று தயவுசெய்து இந்த மடலை ஒதுக்கிவிடாதீர்கள். என் மாப்பிள்ளைச் சம்பா முப்பதாம் நாளில் முதலில் நின்றது. கதிர் பால் பிடித்த பிறகு அடித்த மழைக்காற்றில் முக்கால் மா படுத்துவிட்டது. விரிந்து தொங்கும் இலை இளவயதில் வரம், கதிர் வந்த பிறகு அதுவே தன் கீழ் இலைக்கு நிழல். அடர்ந்து மூடிய பயிரின் அடியில் புழுக்கம் கட்டினால் புகையான் பூச்சியும் இலையுறை நோயும் குடியேறும். மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்தில், பெரிய இலை கிடைத்த ஈரத்தைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிடவும் கூடும். அதே இலை மண்ணை மறைத்து வெயிலில் ஈரம் ஆவியாவதைத் தடுக்கவும் செய்யும். எங்கே எது மிஞ்சும் என்பது இடத்தைப் பொறுத்தது. இராமநாதபுரத்துப் புழுதி விதைப்புக்கு வேண்டிய இலை வேறு, எங்கள் கடைமடைக் களிமண்ணுக்கு வேண்டிய இலை வேறு. அதனால்தான் எல்லா ரகத்துக்கும் இந்த அளவு தெரிய வேண்டும் என்கிறேன். அதிகம் மூடுவதே நல்ல ரகம் என்று நான் வாதிடவில்லை.

இளவயதில் விரித்து, தூர் கட்டிய பிறகு நிமிர்ந்துகொள்ளும் நெல் கிடைக்காதா என்றால், அந்தத் திசையில் ஏற்கெனவே நடந்திருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவுக்கென்று சொந்தமாக ஒரு நெல் இனம் உண்டு. அதன் கீழ் இலைகள் இளவயதிலேயே அகன்று தொங்கி மண்ணை மூடும், களையை அமுக்கும், விளைச்சல்தான் குறைவு. 1990களில் சியரா லியோன் நாட்டு அறிவியலாளர் மான்டி ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் அதை நம் ஆசிய நெல்லோடு கலந்து நெரிக்கா என்ற ரகங்களை உருவாக்கினார்கள். அந்தப் பணிக்காக 2004இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. கையால் களை எடுக்கும் சிறு உழவர்களின் முதுகை நினைத்து ஒரு நெல்லின் இலையைத் தேடிய அறிவியல் அது. நம்மிடமும் வழி அடைபட்டுக் கிடக்கவில்லை. குட்டைத்தன்மை தரும் மரபணுவும், நாற்றின் வேகத்தோடு தொடர்புடையது என்று கண்டறிந்த மரபணு ஒன்றும், ஜிப்ரலின் என்ற ஒரே வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் வேலையில் இருப்பவை. ஆனாலும் அவை தனித்தனி மரபணுக்கள். குட்டையாக இருப்பதனாலேயே ஒரு பயிர் இளமையில் மந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. என் வயலின் இரண்டாவது மாவே அதற்குச் சாட்சி.

2014இல் 3,000 நெல் ரகங்களின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தி உலகுக்குத் திறந்து வைத்தார்கள். அத்தனை நுட்பம் கைவந்த காலத்தில், என் வட்டாரத்தில் விற்கும் ஒன்பது ரகங்களில் எது முப்பதாம் நாளில் மண்ணை மூடும் என்று கேட்டால் பதில் இல்லை. பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001இன் கீழ் ஒரு ரகத்தைப் பதிவு செய்யும்போது, அது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்று காட்ட இலையின் நீளத்தையும் அகலத்தையும் அளக்கிறீர்கள். கதிருக்கு அடுத்து நிற்கும் கடைசி இலையான கண்ணாடி இலை நிமிர்ந்திருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்றுகூடக் குறிக்கிறீர்கள். ரகத்துக்கு உரிமை கோர இலையை அளக்க முடிகிறது. அதை விதைக்கிறவளுக்கு உதவும் வயதில் அதே இலையை அளக்க ஏன் முடியாது?

"களைக்கொல்லி அடித்துக்கொள்ளுங்கள்" என்பது பதிலாகாது. ஈரம் இல்லாத வயலில் அது பிடிக்காது என்பதை என் பணத்தைக் கொடுத்துக் கற்றிருக்கிறேன். ஒரே மருந்தை ஆண்டுக்காண்டு அடித்தால் அதற்குச் சாகாத புல் தேர்ந்து பெருகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது நாளில் மூடும் பயிர் மருந்துச் செலவை முற்றிலும் ஒழித்துவிடாது. அடிக்கும் தடவைகளைக் குறைக்க உதவும். எங்களுக்கு அது போதும்.

எனவே நான் கேட்பவை இவை.

நேரடி விதைப்புக்கு என்று நீங்கள் பரிந்துரைக்கும் ஒவ்வொரு ரகத்தையும் நேரடியாக விதைத்தே சோதியுங்கள். நட்டுச் சோதித்த விளைச்சலை எங்கள் தூவல் வயலுக்குப் பொருத்தாதீர்கள். அந்தச் சோதனையில் 15, 30, 45ஆம் நாள்களில் பயிர் நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். களை எடுத்த பாத்தி ஒன்று, எடுக்காத பாத்தி ஒன்று என்று இரண்டையும் வைத்து, களையால் எந்த ரகம் எவ்வளவு இழக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இதற்குப் புது நிலையமோ புதுக் கட்டடமோ வேண்டாம். 1965 முதல் நாடெங்கும் ஒருங்கிணைந்த நெல் சோதனைகளை நடத்தி வருகிறீர்கள். அந்தப் படிவத்தில் மூன்று பத்திகளைச் சேர்த்தால் போதும். நேர் மேலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பச்சையின் பங்கைக் கணினியில் எண்ணிவிடலாம். எனக்கு ஒரு நாள் பிடித்த வேலை உங்களுக்குச் சில நிமிடம்.

அந்த அளவை விதைப் பையோடு வரும் குறிப்பில் வயதுக்கும் விளைச்சலுக்கும் பக்கத்தில் தமிழில் அச்சிடுங்கள். குறியீடு, சூத்திரம் எதுவும் வேண்டாம். "முப்பதாம் நாளில் நிலத்தில் பாதியை மூடும்" என்று எழுதினால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். யூரியா போடலாமா என்று பார்க்க இலை வண்ண அட்டை கொடுத்தீர்களே, அதை இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கையில் பிடித்துப் பார்க்கும்படி கொடுத்தால் நாங்கள் பயன்படுத்துவோம்.

புதிய ரகங்களுக்குக் கலப்புச் செய்யும்போது, இளவயதில் மண்ணை மூடும் நம் பாரம்பரிய நெல்களையும் பெற்றோராக எடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களை ஊர் ஊராகத் தேடி மீட்டுக் கொடுத்த நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். அவர் சேர்த்தவற்றில் எத்தனை ரகங்களின் இளம்பயிரை இன்றுவரை அளந்திருக்கிறோம் என்று உங்கள் பதிலில் சொல்லுங்கள். அளக்காதவற்றை இந்தச் சம்பாவிலேயே தொடங்குங்கள்.

இத்தனையும் ஆக இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும் என்று தெரியும். அதுவரை, எங்கள் வட்டாரத்தில் நேரடி விதைப்பை வற்புறுத்துமுன் அந்த ஒன்பது ரகங்களையும் ஒரே இடத்தில் விதைத்து எங்களுக்குக் காட்டுங்கள். இடம் நான் தருகிறேன். வாய்க்காலை ஒட்டிய ஒன்றரை மா, உழுது தயாராக இருக்கிறது. விதையை நீங்கள் கொண்டுவாருங்கள். களை எடுக்கும் பெண்களையும் அந்த வயலுக்கு அழைப்போம். எந்தப் பாத்தியில் குனிய வேண்டியதில்லை என்பதை அவர்களே சொல்வார்கள்.

ஆவணி பிறப்பதற்குள் எழுத்தில் பதில் வேண்டும். ஆவணியில் நாங்கள் விதைத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
வெண்ணாற்றுக் கடைமடை உழவர் ஒருத்தி